பாக்டீரியா மருந்து அடித்தும் புழு சாகவில்லையா?

கேள்வி: பாகான் டத்தோ பக்கம் எனக்கு ஐந்து ஏக்கர் செம்பனை இருக்கிறது. ஊலாட் பூங்குஸ் என்ற, கூடு கட்டித் தொங்கும் புழு அரித்து ஓலை காய்ந்துவிட்டது. வேனில் வந்தவர் விற்ற ‘பாக்டீரியா மருந்தை’ அடித்தேன். மறுநாளும் புழு அப்படியே தொங்குகிறது. இன்னொரு வலுவான மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார். வீட்டில் கோழியும் பேரப்பிள்ளைகளும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: கலந்து அடிக்காதீர்கள், ஐயா. முதல் வேலை அதுதான்.

நீங்கள் அடித்தது உண்மையிலேயே பிடி (Bt), அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா என்றால், மறுநாள் புழு சாகாததில் ஆச்சரியமே இல்லை. இது பட்டவுடன் கொல்லும் மருந்து அல்ல. ஓலையோடு சேர்த்துப் புழு அதைத் தின்ன வேண்டும். அந்தப் பாக்டீரியாவில் உள்ள புரதம் புழுவின் காரத்தன்மையுள்ள (அமிலத்துக்கு நேரெதிரான) குடலில் கரைந்து, குடலை ஓட்டையாக்கும். சில மணி நேரத்தில் புழு தின்பதை நிறுத்தும்; சாக மூன்று, நான்கு நாள்கூட ஆகும். செத்த பிறகும் கூடு ஓலையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் சில கூடுகளைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே புழு கறுத்துச் சுருங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது.

அடிப்பதென்றால் புழு சிறிதாக இருக்கும்போதே, வெயில் தாழ்ந்த பிறகு, மழை இல்லாத நாளாகப் பார்த்து அடியுங்கள். கோழிக்கும் பிள்ளைகளுக்கும் அப்படிப்பட்ட குடல் இல்லை; உண்மையான பிடி என்றால் பயப்பட வேண்டாம்.

என் பயமெல்லாம் அந்த வேன்காரர் மீதுதான். போத்தலில் லேபிள் இருந்ததா? மலேசியாவின் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு மருந்துக்கும் பதிவு எண் வேண்டும். எண் இல்லாத வெள்ளைத் தண்ணீரை ‘பாக்டீரியா’ என்று சொல்லி விற்பது இப்போது ஒரு தொழிலாகிவிட்டது. அதில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. அவர் கலக்கச் சொல்லும் ‘வலுவான’ மருந்து பூவில் மகரந்தம் சேர்க்கும் குட்டி வண்டையும் சேர்த்துக் கொன்றுவிடலாம். 1981இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த வண்டு அது. அது போனால் குலையில் சரியாகக் காய் பிடிக்காது. பிடி அந்த வண்டைத் தொடாது.

அடுத்து, “இதே மருந்து கொம்பு வண்டுக்கும் கேட்கும்” என்று சொல்லியிருப்பாரே? கேட்காது. ஊலாட் பூங்குஸுக்கு அடிக்கும் பிடி அந்துப்பூச்சி இனத்துப் புழுக்களை மட்டுமே கொல்லும். கொசுப் புழுவுக்கு வேறு பிடி இருக்கிறது, ஆனால் கொம்பு வண்டுக்கு இரண்டுமே உதவாது. அது வளர்வது மக்கிய மரத்தண்டில். வெட்டிப் போட்ட பழைய மரங்களைக் குவித்து வைக்காமல் சீவிப் பரப்பிவிடுங்கள், புழுவைப் பொறுக்கி அழியுங்கள், வண்டுக்குப் பொறி வையுங்கள். மெட்டாரைசியம் என்ற பூஞ்சையும் உதவும். அது பாக்டீரியா அல்ல, வேன்காரர் என்ன சொன்னாலும் சரி.

கடைசியாக, உங்கள் ஐந்து ஏக்கரில் மட்டும் அடித்துப் பயனில்லை. குஞ்சுப் புழு நூல்விட்டுக் காற்றில் பக்கத்து நிலத்துக்குப் போய்விடும். 2013இலேயே இதை ஆபத்தான பூச்சியாக அறிவித்துவிட்டார்கள். காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் காடாகக் கிடக்கும் பக்கத்து நிலத்துக்காரர் எங்கோ கோலாலம்பூரில் இருப்பார். புழுவை அழிக்கச் சொல்லும் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் புழு அடுத்த தலைமுறை போட்டுவிடும். செம்பனை வாரியத்தில் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் துனாஸ் அதிகாரியிடம் கூட்டைக் காட்டி, புழு எந்தப் பருவத்தில் இருக்கிறதென்று கேளுங்கள். பிறகு அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களோடு பேசி, எல்லோரும் ஒரே வாரத்தில் அடியுங்கள்.