உங்கள் எஸ்டிமேட்டை யார் திருத்தித் தருவார்கள் என்று கேளுங்கள்

கேள்வி இது: "சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு சென்னையில் இன்சூரன்ஸ் கிளெய்ம் எஸ்டிமேட் வேலை தேடுகிறேன். எக்ஸாக்டிமேட் கிளாஸ் ஒரு இடத்தில் 15 நாள், இன்னொரு இடத்தில் 2 மாதம் என்கிறார்கள். எதில் சேரலாம்?"

தெரியாதவர்களுக்கு: எக்ஸாக்டிமேட் என்பது, சேதமான வீட்டைச் சரிசெய்ய என்னென்ன வேலை, எவ்வளவு செலவு என்று இன்சூரன்ஸ் கிளெய்முக்கு எஸ்டிமேட் எழுதும் மென்பொருள். இங்கே உட்கார்ந்து அமெரிக்க வீடுகளுக்கு அதில் எழுதுவதுதான் இந்த வேலை. நாள் கணக்கையும் கட்டணத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இரண்டு இடத்துக்கும் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நான் எழுதுகிற எஸ்டிமேட்டை வரிவரியாகப் பார்த்துத் திருத்தித் தருவது யார்? மொத்தம் எத்தனை ஃபைல் அப்படித் திருத்துவீர்கள்?" இதற்கு நேரான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன் என்றால், நான் கட்டினேன். 2020 கடைசியில், ஊரடங்கு சமயத்தில், ஆன்லைனில் 12 வகுப்பு. சொல்லிக்கொடுத்தவர் நல்ல மனிதர்தான், மென்பொருளும் அவருக்கு அத்துப்படி. எந்த மெனுவில் எது இருக்கிறது, ஸ்கெட்சில் அறை வரைவது எப்படி, விலைப் பட்டியலை மாற்றுவது எப்படி என்று எல்லாம் காட்டினார். ஆனால் 12 வகுப்பிலும் ஒரே மாதிரி வீடுதான், அதுவும் அவர் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தது. அவர் செய்வதைப் பார்த்து நாங்கள் அப்படியே செய்தோம். கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழ் வந்தது. எங்கள் யாருடைய எஸ்டிமேட்டையும் யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலமே குளிரில் உறைந்தது. வீடு வீடாகக் குழாய் வெடித்து கிளெய்ம்கள் குவிந்தன. அந்த நேரத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. வேளச்சேரி வீட்டு ஹாலில், ராத்திரி ஷிஃப்டில், என் முதல் ஃபைல். 12 அடிக்கு 15 அடி படுக்கையறை, 8 அடி உயரம். குழாய் வெடித்துத் தரையில் தண்ணீர் நின்றிருக்கிறது. கிளாஸில் சொன்னபடியே அறையை வரைந்தேன், சுவர் முழுக்க டிரைவால் (சுவராக அடிக்கும் ஜிப்சம் போர்டு) போட்டேன், பெயின்ட் போட்டேன், பேஸ்போர்டு (சுவரின் அடியில் ஓடும் பட்டை) போட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்ட சந்தோஷத்தில் அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் ரிவ்யூவர் கூப்பிட்டார். மதுரைக்காரர், டீமில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். "தம்பி, போட்டோ 14-ஐத் திறங்க. என்ன தெரியுது?"

"மரச்சட்டம் தெரியுது அண்ணே."

"சட்டம் தெரியுதுன்னா அங்க போர்டு இல்லைன்னு அர்த்தம். தண்ணி உறிஞ்ச வந்த கம்பெனி ஏற்கெனவே வெட்டி எடுத்துட்டான், அதுக்குத் தனியா பில்லும் போட்டிருக்கான். நீங்க மறுபடியும் பிய்க்கிறதுக்குக் காசு எழுதியிருக்கீங்க. இல்லாததை எப்படிப் பிய்ப்பீங்க?"

எக்ஸாக்டிமேட்டில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு செயல் குறி உண்டு. '&' போட்டால் பழையதைப் பிய்த்துப் புதியது மாட்டுவது, '+' போட்டால் புதியது மாட்டுவது மட்டும், '-' போட்டால் பிய்ப்பது மட்டும். எனக்கு மூன்றும் தெரியும், கிளாஸில் சொல்லியிருந்தார்கள். எங்கே எதைப் போடுவது என்பதைப் போட்டோவையும், உலர்த்த வந்த கம்பெனியின் பில்லையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

அண்ணன் அதோடு விடவில்லை. "எத்தனை அடி உயரத்துக்கு வெட்டியிருக்கான்?" என்று கேட்டார். பார்த்தால் 2 அடி. அறையின் சுற்றளவு 54 அடி. கதவு, ஜன்னலைக் கழிக்காமல் பார்த்தாலும் 54 பெருக்கல் 2, அதாவது 108 சதுர அடிதான் டிரைவால். நான் போட்டிருந்தது முழுச் சுவர், 432 சதுர அடி. நாலு மடங்கு. பெயின்ட் மட்டும் முழுச் சுவருக்கும் வரலாம், ஏனென்றால் கீழே 2 அடிக்கு மட்டும் அடித்தால் நிறம் சேராது. ஒரே சுவரில் ஒரு வரிக்கு 108, அடுத்த வரிக்கு 432. இந்த ஒரு போன் காலில் நான் கற்றது அந்த 12 வகுப்பில் கற்றதைவிட அதிகம்.

இன்று புதிதாக வருபவர்களின் ஃபைலைத் திருத்துவது என் வேலை. வருகிற தவறுகளில் பெரும்பாலானவை இதே ஜாதிதான். பட்டன் தெரியாமல் தடுமாறுபவர்கள் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். வீடு தெரியாதவர்கள்தான் மாதக்கணக்கில் திணறுவார்கள்.

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வீட்டுக்கு எஸ்டிமேட் எழுதுவதில் உள்ள நிஜமான சிரமமே இதுதான். நாம் செங்கல்லும் பூச்சும் பார்த்து வளர்ந்தவர்கள். கூரை என்றால் நமக்கு மொட்டை மாடி, அதற்கு மேல் வெதரிங் கோர்ஸ், தட்டு ஓடு. நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிக்கிறோமே ஜிப்சம் போர்டு, அங்கே சுவரே அதுதான். நடுவில் மரச்சட்டம், சட்டத்துக்கு இடையில் பஞ்சு மாதிரி இன்சுலேஷன். தண்ணீர் பட்டால் நம் சுவர் காய்ந்துவிடும், பெயின்ட் உரியும், அவ்வளவுதான். அந்தப் போர்டு தண்ணீரை மேலே இழுக்கும், ஊறிப் பூஞ்சை பிடிக்கும். அதனால்தான் வெட்டி எடுக்கிறார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லாமல் "இங்கே டிரைவால் சேருங்கள்" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கும் கிளாஸ் எத்தனை மாதம் நடந்தாலும் வீண்.

கூரைக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆலங்கட்டி மழை, சூறைக்காற்று கிளெய்ம் பெரும்பாலும் கூரையில்தான். அங்கே கூரையை 'ஸ்கொயர்' கணக்கில் அளப்பார்கள், ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி. சாய்வை 6/12 என்று எழுதினால், 12 அங்குலம் தள்ளிப் போவதற்குள் 6 அங்குலம் உயர்கிறது என்று பொருள். 40 அடிக்கு 30 அடி தளத்தின் மேல் 6/12 கூரை என்றால் 1,200-ஐ 1.118-ஆல் பெருக்க வேண்டும், ஏறக்குறைய 13.4 ஸ்கொயர் வரும். அதே கூரை 9/12 என்றால் பெருக்கும் எண் 1.25, சரியாக 15 ஸ்கொயர். வெட்டி வீணாகும் பங்கு இதற்கு மேல். தவிர, 7/12-லிருந்து செங்குத்தான கூரைக்கான கூடுதல் கூலி தனி வரியாக வரும். சாய்வைத் தவறாகப் படித்தால் இரண்டு இடத்தில் தொகை மாறிவிடும். மென்பொருள் கணக்கைப் பிழையில்லாமல் போடும்தான். நீங்கள் கொடுத்த சாய்வு தப்பு என்று அது சொல்லாது. பயிற்சியில் சாய்வைக் கையால் ஒரு முறையாவது கணக்குப் போட வைக்கிறார்களா என்று பாருங்கள்.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸாக்டிமேட்டின் விலைப் பட்டியல் ஊருக்கு ஊர் வேறு, மாதத்துக்கு மாதம் புதியது வரும். மூன்று வருஷப் பழைய பட்டியலை வைத்துக்கொண்டு, பலர் ஒரே லாகினில் நுழைந்து பழகும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள். உரிமம் இல்லாமல் பழகியவர் என்று தெரிந்தால் நல்ல கம்பெனி எடுக்கவும் தயங்கும்.

சான்றிதழைப் பற்றிப் பலர் குழம்புகிறார்கள். எக்ஸாக்டிமேட் வெரிஸ்க் நிறுவனத்தின் மென்பொருள். அதன் சான்றிதழ் தேர்வுகளையும் அவர்களேதான் நடத்துகிறார்கள், மூன்று நிலைகளில்: முதல் நிலை அடிப்படை, இரண்டாவது தேர்ச்சி, மூன்றாவது முழுத் திறமை. தெருமுனைப் பயிற்சி நிலையம் பிரிண்ட் போட்டுத் தரும் சான்றிதழ் அதுவல்ல. முதல் நிலைக்கு நீங்களே தயாராகிவிடலாம். என்னைக் கேட்டால், வேலையில் சேர்ந்து 50 ஃபைலாவது எழுதிய பிறகு இரண்டாம் நிலைக்கு உட்காருங்கள், அப்போதுதான் கேள்விகளே புரியும்.

"சென்னையிலிருந்தே அமெரிக்க அட்ஜஸ்டர் ஆகலாம்" என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். நாம் எழுதுவது எஸ்டிமேட். பாலிசியில் அந்த நஷ்டம் அடங்குமா, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்வது அங்கிருக்கும் அட்ஜஸ்டர். டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற மாநிலங்களில் அதற்குத் தனி உரிமம் வேண்டும். எஸ்டிமேட்டர் வேலை கௌரவமான வேலை, அதை அதன் பெயரிலேயே சொல்லி விற்கும் நிலையத்தை நம்பலாம்.

ஒருவேளை உங்கள் ஆசை நம் ஊரிலேயே இன்சூரன்ஸ் சர்வேயர், அதாவது நஷ்டத்தை மதிப்பிடுபவர், ஆவது என்றால் கதை வேறு. (வீட்டில் சர்வேயர் என்று சொன்னால் நிலம் அளப்பவர் என்று நினைப்பார்கள், விளக்கிவிடுங்கள்.) அப்போது எக்ஸாக்டிமேட்டுக்குச் செலவழிக்க வேண்டியதே இல்லை. ஐஆர்டிஏஐ (இந்திய இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) தரும் உரிமம்தான் வாசல். 2015 விதிமுறைகளின்படி உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் 12 மாதப் பயிற்சி, இந்திய இன்சூரன்ஸ் கல்வி நிலையம் நடத்தும் தேர்வு என்று வழி போகிறது. தகுதி விவரங்களை ஐஆர்டிஏஐ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கும் மென்பொருள் உண்டு, ஆனால் அது கழித்தல் கணக்கு மட்டும்தான் போடும். என் மாமா மகன் மோட்டார் சர்வேயர். அவனோடு ஒரு நாள் சென்னை பாடி பகுதியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். இரண்டரை வயது கார், முன்பக்கம் அடி. பம்பர் பிளாஸ்டிக், 8,000 ரூபாய் என்றால் தேய்மானம் 50 சதவீதம், 4,000 போய்விடும். கதவு இரும்பு, அந்த வயதுக்கு 15 சதவீதம்தான். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. பெயின்ட் பில் மொத்தமாக 12,000 வந்தால் அதில் 25 சதவீதத்தைப் பொருள் என்று எடுத்து, அந்த 3,000-த்தில் பாதியைக் கழிப்பார்கள். ஜீரோ டெப் எடுத்திருந்தால் இந்தத் தேய்மானக் கழிவு இல்லை. இதெல்லாம் மென்பொருள் நொடியில் போட்டுவிடும். அவன் அரை மணி நேரம் செலவழித்தது கதவின் முன்னால் உட்கார்ந்து. ஒர்க்‌ஷாப்காரர் கதவையே மாற்ற வேண்டும் என்றார். இவன் உள்பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்து, கீல் இடத்தில் வளைவு இல்லை, டிங்கர் வேலை பார்த்துப் பட்டி வைத்தால் நிற்கும் என்றான். அந்தக் கையை எந்த கிளாஸும் தராது. நல்ல சர்வேயர் ஒருவரின் பின்னால் ஒரு வருஷம் பை தூக்க வேண்டும்.

நீங்கள் சிவில் படித்தவர், எழுதியிருப்பதைப் பார்த்தால் அமெரிக்க ஃபைல் பக்கம்தான் போகப் போகிறீர்கள் என்று தோன்றுகிறது. கிளாஸில் சேருமுன் ஒரு வேலை செய்யுங்கள். இன்று ராத்திரியே டேப் எடுத்து உங்கள் வீட்டு ஹாலை அளந்து வெள்ளைத்தாளில் வரையுங்கள். சுவர், தரை, சீலிங், சுற்றளவு நான்கையும் கையால் கணக்குப் போடுங்கள். பிறகு 2 அடி தண்ணீர் நின்றதாக நினைத்துக்கொண்டு, எதை எடுக்க வேண்டும், எது காயும், எந்தப் பொருளை நகர்த்தி வைத்து வேலை செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையோ 2023 மிக்ஜாமையோ வீட்டுக்குள் பார்த்திருந்தால் நினைக்கக்கூட வேண்டாம், ஞாபகப்படுத்தினால் போதும். அந்தப் பட்டியலுக்குத்தான் எங்கள் தொழிலில் ஸ்கோப் என்று பெயர். மென்பொருள் அதற்குப் பிறகு வருவது.

இரண்டு நிலையத்திலும் டெமோ கிளாஸ் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். போகும்போது, சுவரின் கீழ்ப்பகுதி வெட்டி மரச்சட்டம் தெரிகிற ஒரு அமெரிக்க வீட்டுப் படத்தை இணையத்தில் எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தருபவரிடம் காட்டி, "சார், இந்த அறைக்கு டிரைவால் எப்படிப் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். உடனே மவுஸைப் பிடித்து அறை வரையத் தொடங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். "இதை யார் வெட்டினது? அவங்க பில் இருக்கா? எத்தனை அடிக்கு வெட்டியிருக்காங்க?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால், 15 நாளோ 2 மாதமோ, அங்கே சேருங்கள்.