உலை கொதித்த பிறகும் தீயைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன், கொதிக்கும் உலைநீரில் சமையல் வெப்பமானியை வைத்துப் பார்த்தான். 100 டிகிரிக்கு மேல் ஏறவே இல்லை. தீயை முழுசாக வைத்தும் அப்படியேதான். "அப்போ இவ்வளவு சூடும் எங்கேம்மா போகுது?" என்கிறான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது? தீயைக் கூட்டினால் சோறு சீக்கிரம் வேகாதா?

பதில்: சோற்றுக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேகாது. அரிசியைப் போட்டதும் கொதி அடங்கும் இல்லையா, அது மறுபடி வரும்வரை பெரிய தீ சரி. அதன்பிறகு கொதி நிற்காத அளவுக்குச் சிறிய தீ போதும். எவ்வளவு தீ வைத்தாலும் அரிசியைச் சுற்றியிருக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். மிச்சத் தீயால் தண்ணீர் வற்றும், கஞ்சி பொங்கி வழியும், அவ்வளவுதான்.

இனி உங்கள் மகனின் கேள்வி. மிக நல்ல கேள்வி அது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. குடத்தில் அசையாமல் கிடக்கும் தண்ணீரில்கூட அவை விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. ஆனால் உடனுக்குடன் பக்கத்து மூலக்கூறில் மோதித் திசை மாறுவதால் தூரமாகப் போக முடிவதில்லை. இந்த ஓட்டத்தின் சராசரி ஆற்றலைத்தான் வெப்பநிலை என்கிறோம். வெப்பம் என்பது வேறு. அது அடுப்பிலிருந்து தண்ணீருக்குள் போகும் ஆற்றல். பிள்ளைகள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

கொதி வரும்வரை, உள்ளே போகும் ஆற்றல் மூலக்கூறுகளின் ஓட்டத்தைக் கூட்டுகிறது, வெப்பமானி ஏறுகிறது. கொதி வந்தபின் அதே ஆற்றலுக்கு வேலை மாறிவிடுகிறது. தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தப் பிடியை விடுவித்து அவற்றை ஆவியாக வெளியே அனுப்புவதற்கே ஆற்றல் முழுவதும் செலவாகிறது. சராசரி வேகம் கூடாததால் வெப்பமானியும் நகராது. 30 டிகிரியில் உள்ள ஒரு கிராம் தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 294 ஜூல் (ஆற்றலை அளக்கும் அலகு) போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,260 ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்! மறைந்திருப்பதுபோல் தெரியும் இந்த ஆற்றலுக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 1760களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் விஞ்ஞானி ஜோசப் பிளாக் இதை அளந்து காட்டினார்.

ஆவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடுவதும் இதனால்தான். தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது அந்த 2,260 ஜூலையும் அங்கேயே இறக்கிவிடுகிறது. மகன் அடுப்படியில் சோதனை செய்கிறான் என்றால் இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்.

சோறு உண்மையிலேயே சீக்கிரம் வேக வேண்டுமானால் கொதிநிலையையே உயர்த்த வேண்டும். குக்கர் செய்வது அதைத்தான். உள்ளே அழுத்தம் கூடுவதால் மூலக்கூறுகள் ஆவியாகப் பிரிவது கடினமாகிறது. தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறிய பிறகே கொதிக்கும். ஊட்டியில் நேர்மாறு. காற்றழுத்தம் குறைவு என்பதால் சுமார் 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும், திறந்த பானையில் பருப்பு வேக நேரம் பிடிக்கும்.

மூலக்கூறுகளின் ஓட்டத்தை அவன் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால், ஒரு டம்ளரில் குளிர்ந்த நீரும் இன்னொன்றில் வெந்நீரும் எடுத்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒரு சொட்டு மை விடச் சொல்லுங்கள், கலக்காமல். வெந்நீரில் மை மளமளவென்று பரவும். குளிர்ந்த நீரில் இழை இழையாக வெகுநேரம் நிற்கும்.