பாலியல் வன்முறை ஆய்வில் இளையோர்: கேள்வி பதில்

இங்கே இளையோர் என்றால் ஏறத்தாழ 13 முதல் 24 வயது வரை உள்ளவர்கள். 18 வயதுக்குக் கீழே சட்டமும் பெற்றோர் அனுமதியும் சேர்ந்துகொள்ளும். அதற்கு மேலே அந்தச் சிக்கல் குறையும், ஆபத்து குறையாது.

கேள்வி (முதுகலை மாணவி): ஆய்வேட்டுக்காக 15–17 வயதுப் பெண்களிடம் அவர்களுக்கு நேர்ந்த பாலியல் வன்முறை பற்றிக் கேட்க நினைக்கிறேன். கையில் ஆறு மாதம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அவர்களிடமே கேட்டுத் தீர வேண்டிய கேள்விதானா என்று முதலில் பாருங்கள். எவ்வளவு பேருக்கு நேர்ந்தது என்பது ஏற்கெனவே எடுத்த கணக்கெடுப்புத் தரவில் இருக்கலாம். உதவி தேடி வருபவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்பதை ஆலோசகர்கள் சொல்வார்கள். 18 வயதைத் தாண்டியவர்களிடம் சிறுவயதில் நடந்ததைக் கேட்டும் நிறைய அறியலாம். இந்த மூன்றும் போதாது என்று எழுதிக் காட்ட முடிந்தால்தான் சிறுவயதினரிடம் போக வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் குழு) அனுமதி, பங்கேற்பவருக்கான உதவி ஏற்பாடு, பயிற்சி, நேர்காணல், எழுத்து எல்லாவற்றுக்கும் ஆறு மாதம் போதாது. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது உதவி ஏற்பாடுதான். அதனால் சொந்த அனுபவத்தைக் கேட்காமல், ‘இப்படி ஒரு பெண்ணுக்கு நடந்தால் யாரிடம் போவாள், எது அவளைத் தடுக்கும்?’ என்று கேட்கும் ஆய்வாக மாற்றிக்கொள்ளுங்கள். நல்ல ஆய்வேட்டுக்கு அதுவே போதும்.

அதற்காக இளையோரை அடியோடு ஒதுக்கி வைப்பதுதான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12-ஆம் பிரிவில், குழந்தைகளுக்குத் தருகிறது. அவர்களைக் கேட்காமல் அமைக்கும் உதவி மையம் பள்ளி நேரத்தில் திறந்திருக்கும், பள்ளி விடும்போது மூடிவிடும்.

கேள்வி (ஆய்வு ஒருங்கிணைப்பாளர்): பெற்றோரின் எழுத்து ஒப்புதல் கட்டாயம் என்கிறது நெறிமுறைக் குழு. வன்முறை செய்தவரே வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

பதில்: பெற்றோர் தருவது அனுமதி, பிள்ளை தருவது இசைவு. இரண்டும் வேறு. பெற்றோர் சரி என்று சொல்லிப் பிள்ளை தயங்கினால் நேர்காணல் இல்லை. தயக்கம் என்பது ‘வேண்டாம்’ என்று வாய் திறந்து சொல்வது மட்டுமல்ல. இரண்டு முறை நேரம் மாற்றுவதும், ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதும் தயக்கம்தான்.

பெற்றோர் அனுமதிக்கு விலக்குக் கேட்க வழி உண்டு. மருத்துவ அறிவியலுக்கான பன்னாட்டு அமைப்புகளின் மன்றம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடும்ப வன்முறை, குழந்தைகள் மீதான துன்புறுத்தல் போன்ற ஆய்வுகளில் இதை ஏற்கிறது. உங்கள் நாட்டுச் சட்டமும் இடம் தர வேண்டும். விண்ணப்பத்தில் ‘அனுமதி வாங்குவது கடினம்’ என்று எழுதினால் நிராகரிப்பார்கள், அது நியாயமும்கூட. அனுமதி கேட்பதே பிள்ளைக்கு எப்படி ஆபத்தாகும், பெற்றோருக்குப் பதிலாகப் பிள்ளையின் நலனைப் பார்க்கப்போகும் ஆய்வுக்குழு சாராத பெரியவர் யார், குறைந்தபட்ச வயது என்ன, உதவி எங்கே கிடைக்கும் என்ற நான்கையும் எழுதுங்கள்.

விலக்கு கிடைக்காவிட்டால் ஆய்வுக்குப் பாதுகாப்பான பெயர் வையுங்கள். ‘இளையோர் உடல்நலமும் வாழ்க்கை அனுபவங்களும்’ என்று வீட்டாருக்கு அறிமுகம் செய்யலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2001-ஆம் ஆண்டுப் பரிந்துரைகளும் இதைச் சொல்கின்றன. ஆனால் உடல்நலப் பகுதி வினாத்தாளில் உண்மையாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது பொய். முழு விவரத்தை இளையவரிடம் தனிமையில் சொல்லிப் புதிதாக இசைவு கேளுங்கள். வீட்டில் விட்டுவரும் எந்தத் தாளிலும் ‘வன்முறை’ என்ற சொல் இருக்கக் கூடாது. கையெழுத்தே ஆபத்தாகும் இடத்தில் வாய்மொழி இசைவு போதும், கேட்டவர் சாட்சியாக ஒப்பமிடலாம்.

படிவத்தை வாசித்துக் காட்டியதோடு வேலை முடியாது. ‘எதைப் பற்றிப் பேசப்போகிறோம்? நடுவில் நிறுத்தலாமா? யாருக்கெல்லாம் தெரியும்? எதை மட்டும் நான் மறைக்க முடியாது?’ என்று திருப்பிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத்தான் பெரும்பாலும் தவறான பதில் வரும். விளக்கியும் புரியவில்லையென்றால் அன்று பேட்டி வேண்டாம்.

கேள்வி (கள மேற்பார்வையாளர்): 16 வயதுப் பையன் ஒருவன், தனக்கு நடந்துகொண்டிருப்பதைப் பேட்டி நடுவில் சொல்லிவிட்டான். சட்டப்படி நாங்கள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவத்திலோ ‘எல்லாம் ரகசியம்’ என்று இருக்கிறது. இப்போது என்ன செய்வது?

பதில்: அவனுக்குத் தெரியாமல் புகார் போகக் கூடாது. சட்டம் தரும் கெடுவுக்குள், முடிந்தால் இன்றே, ஓர் ஆலோசகரோடு போய்ப் பாருங்கள். படிவத்தில் தவறு செய்தது நீங்கள் என்று நேரடியாக ஒப்புக்கொள்ளுங்கள். எதை, யாரிடம், எப்போது சொல்ல வேண்டியிருக்கிறது, அதன்பின் என்ன நடக்கும் என்று சொல்லுங்கள். சொல்வதா வேண்டாமா என்பது இனி அவன் கையில் இல்லை. ஆனால் அவன் முடிவு செய்ய இன்னும் நிறைய இருக்கிறது: கூட யார் இருப்பது, தானே சொல்வதா நீங்கள் சொல்வதா, எந்த இடத்தில், வீட்டில் யாருக்கு முதலில் தெரிவது. ஒவ்வொன்றையும் கேளுங்கள். அன்று இரவு அவன் எங்கே தூங்குவான், அந்த இடம் பாதுகாப்பானதா என்பதைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் தெரிவியுங்கள். ஒலிப்பதிவைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.

பிறகு நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து, படிவம் திருத்தும்வரை மற்றப் பேட்டிகளை நிறுத்துங்கள். திருத்திய படிவம் இப்படி இருக்கலாம்: ‘நீங்கள் சொல்வதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், ஒன்றைத் தவிர. உங்களையோ வேறொரு சிறுவரையோ யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால், நான் இன்னாரிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சொல்வேன். எதைச் சொல்வது என்று யோசித்துச் சொல்லுங்கள்.’ கடுமையான கேள்விகள் தொடங்கும் இடத்தில் இதை மறுபடியும் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் கேட்டது 40 நிமிடம் கழித்து நினைவிருக்காது.

பெயரில்லாமல் தாங்களே நிரப்பும் வினாத்தாளில் யார் சொன்னது என்று ஆய்வாளருக்கே தெரியாது. பலர் அதனால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது உதவி வேண்டியவரையும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், உதவி எண்கள் அச்சிட்ட அட்டையைப் பதில் என்னவானாலும் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும்.

கேள்வி (தொண்டு நிறுவனப் பணியாளர்): உதவி எண்கள் அச்சடித்த தாள் ஒன்று வைத்திருக்கிறோம். போதுமா?

பதில்: அந்த எண்களுக்கு யாராவது அழைத்துப் பார்த்தார்களா? இந்த வகை ஆய்வுகளில் அடிக்கடி கெட்டுப்போவது இந்தத் தாள்தான். எண் மாறியிருக்கும், 18 வயதுக்குக் கீழே எடுக்க மாட்டார்கள், பெண்களுக்கு மட்டும் என்பார்கள், காவல் புகார் இருந்தால்தான் மருத்துவம் என்பார்கள். களப்பணிக்கு இரண்டு வாரம் முன் ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் போய் நேரம், கட்டணம், வயது வரம்பு, அடையாள அட்டை தேவையா, தனியறை இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். களப்பணி நீண்டால் மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

மருத்துவம், மனநல ஆலோசனை, சட்ட உதவி, தங்குமிடம் என்ற நான்கும் வேண்டும். மருத்துவத்தில் மணிக்கணக்கு முக்கியம்: எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை 120 மணி நேரம் வரை கொடுக்கலாம். இரண்டும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பேட்டி எடுப்பவருக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும். அந்த ஊரில் உதவி எதுவும் இல்லையென்றால் ஆலோசகரைக் குழுவோடு கூட்டிப்போங்கள். அதுவும் முடியாத இடத்தில் அனுபவக் கேள்விகளைக் கேட்காதீர்கள்.

கேள்வி (கணக்கெடுப்பாளர்): வீட்டில் பேட்டி எடுக்கும்போது யாராவது வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பதில்: வருவார்கள் என்று வைத்துக்கொண்டே போங்கள். உணவுப் பழக்கம் பற்றிய மாற்றுக் கேள்விகளை ஒரு பக்கத்தில் தயாராக வைத்து, ஆள் நுழைந்ததும் அதற்குத் தாவுங்கள். ‘யாராவது வந்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம்’ என்று இளையவரிடம் முன்பே சொல்லியிருங்கள். ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் பேட்டி எடுங்கள். பல நாடுகளில் 13–24 வயதினரிடம் நடத்தப்படும் ‘குழந்தைகள் மற்றும் இளையோர் மீதான வன்முறை’க் கணக்கெடுப்பில், பெண்களையும் ஆண்களையும் வெவ்வேறு பகுதிகளிலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். துன்புறுத்தியவரிடமும் துன்பப்பட்டவரிடமும் ஒரே ஊரில் ஒரே கேள்விகளைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக.

கேள்வி (கல்லூரி விரிவுரையாளர்): குழு உரையாடலில் ஒரு மாணவி தன் கதையையே சொல்லத் தொடங்கினால்?

பதில்: மென்மையாக நிறுத்துங்கள்: ‘இதை நீங்கள் சொல்ல வந்தது முக்கியம். முடிந்ததும் நாம் இருவரும் தனியாகப் பேசலாம்.’ அன்றே பேசவும் வேண்டும். குழுவில் இருந்த மற்றவர்கள் வெளியே என்ன சொல்வார்கள் என்பதற்கு உங்களால் உத்தரவாதம் தர முடியாது. குழுவில் கற்பனைப் பாத்திரத்தைப் பற்றி மட்டும் கேளுங்கள், சொந்த அனுபவம் வேண்டாம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி (பேட்டியாளர்): பேசும்போது அழுதால் நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: அழுகை மட்டும் காரணமாகாது. கேள்வியை விட்டுவிட்டு அமைதியாக இருங்கள், தண்ணீர் கொடுங்கள். ‘நிறுத்தலாமா, சற்று இருந்து தொடரலாமா, வேறு பகுதிக்குப் போகலாமா?’ என்று மூன்று வழியையும் வையுங்கள். ‘தொடரலாமா?’ என்று மட்டும் கேட்டால் இளையோர் மரியாதைக்காகச் சரி என்றுவிடுவார்கள். நீங்களாகவே நிறுத்த வேண்டியது வேறு சமயத்தில்: பார்வை நிலைகுத்தும், கேட்பது காதில் ஏறாது, உடல் நடுங்கும், இப்போது நடப்பதுபோலப் பேசுவார்கள். அப்போது அறையில் தெரியும் பொருள்களைச் சொல்லவைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, ஆலோசகரை அழையுங்கள். தொடாதீர்கள். எந்தப் பேட்டியையும் வன்முறைக் கேள்வியில் முடிக்காதீர்கள். யார் துணை, எதில் திறமை என்று கேட்டு முடியுங்கள்.

கேள்வி (இளையோர் அமைப்பின் தலைவி): எங்கள் உறுப்பினர்களை இணை ஆய்வாளர்களாகக் கேட்கிறார்கள். எதற்குச் சம்மதிக்கலாம்?

பதில்: கேள்வி முடிவாகும் முன்பே அழைக்கிறார்களா என்று பாருங்கள். வினாத்தாள் அச்சான பிறகு வந்தால் அது அலங்காரம். சொற்களைத் திருத்துவதிலும், எந்த இடம், எந்த நேரம் பாதுகாப்பு என்று முடிவு செய்வதிலும், முடிவுகளுக்கு விளக்கம் சொல்வதிலும் இளையோரின் கை இருக்க வேண்டும். ‘பலாத்காரம்’ என்று கேட்டால் ‘இல்லை’ என்பவர், நடந்ததை அப்படியே விவரித்துக் கேட்டால் ‘ஆம்’ என்பார். எந்த விவரிப்பு தன் வயதினருக்குப் புரியும் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும்.

சேர்வதற்குத் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை எந்த வடிவிலும் கூடாது. பெரிய ஆய்வாளருக்கு மணிக்கணக்கில் சம்பளம் என்றால் இவர்களுக்கும் சம்பளம், சான்றிதழ் மட்டும் போதாது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர் அனுபவப் பேட்டி எடுக்கக் கூடாது, அந்தப் பதிவுகளை எழுத்தாக்கவும் கூடாது. தெரிந்தவர் யாரையும் பேட்டி எடுக்க வேண்டாம். கேட்டதன் பாரத்தை இறக்கிவைக்க வாரம் ஒருமுறை ஆலோசகர் வேண்டும், காரணம் சொல்லாமல் விலகவும் வழி வேண்டும். இவற்றை எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (தரவுப் பொறுப்பாளர்): பெயரை நீக்கிவிட்டோம். அறிக்கையில் மேற்கோள் போடலாமா?

பதில்: பெயர் இல்லாமலே ஆள் தெரிந்துவிடும். ‘17 வயது, செவித்திறன் குறைந்தவர், விடுதி மாணவி’ என்று போட்டால் அந்த விடுதிக்கே தெரியும். வயதை வரம்பாக மாற்றுங்கள், இரண்டு அடையாளம் ஒரே வரியில் சேராமல் பாருங்கள், அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண்ணிக்கை வரும் கட்டத்தைப் பக்கத்துக் கட்டத்தோடு இணையுங்கள். ஒருவர் சொன்ன தனித்த சொற்றொடரை அவர் வீட்டார் அடையாளம் கண்டுவிடலாம். குரல் பதிவைச் சரிபார்த்து எழுத்தாக்கியதும் அழியுங்கள், கைப்பேசியின் தானியங்கிச் சேமிப்பிலிருந்தும்தான். பெயர்ப் பட்டியலும் பதில்களும் ஒரே கணினியில் இருக்கக் கூடாது.

கேள்வி (19 வயது பங்கேற்பாளர்): என் கதை என் பெயரிலேயே வர வேண்டும். பாதுகாப்புக்காக என்று சொல்லி மறுக்கிறார்கள். சரியா?

பதில்: உங்கள் விருப்பத்தை ஒரே சொல்லில் தள்ளுவது சரியில்லை. உங்களோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இணையத்தில் வந்ததைத் திரும்ப எடுக்க முடியாது. துன்புறுத்தியவர் உறவினர் என்றால், உங்கள் பெயரைப் போட்டதும் அவரும் வெளிப்படுவார், தங்கை தம்பிகளும் வெளிப்படுவார்கள். நடந்துகொண்டிருக்கும் வழக்கு பாதிக்கப்படலாம். சில நாடுகளில் பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடச் சட்டமே தடை போடுகிறது. ஆகவே ஒரு வழக்கறிஞரிடம் பேச ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். உங்கள் பகுதியை அச்சுக்கு முன் வாங்கிப் படியுங்கள். சில வாரம் விட்டு மறுபடியும் உங்களைக் கேட்கச் சொல்லுங்கள். அப்போதும் உங்கள் பதில் அதுவே, சட்டமும் இடம் தருகிறது, வேறு யாருக்கும் ஆபத்தில்லை என்றால் பெயரைப் போட மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. முழுப்பெயர் வேண்டாம் என்று தோன்றினால் நீங்களே தேர்ந்தெடுத்த புனைபெயர் ஒன்றைக் கேளுங்கள். அதை அறிக்கையில் உங்களைத் தவிர வேறு யாரும் மாற்றக் கூடாது.