நாய்ச் சண்டையை வெட்டிவிட்டால்...

கேள்வி: என் பதினோரு வயது மகளுக்கு நாய் என்றால் உயிர். ஜாக் லண்டனின் 'கானகத்தின் குரல்' வாங்கிக் கொடுத்தேன். கர்லி என்ற நாயை மற்ற நாய்கள் குதறும் இடத்தில் அழுதுவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டாள். கொடூரக் காட்சிகளை நீக்கிய சுருக்கப் பதிப்பைக் கொடுப்பதுதானே சரி?

பதில்: இல்லை. கர்லிக்காக அழுதவள் அந்தப் பக்கத்தைச் சரியாகப் படித்திருக்கிறாள் என்றுதான் அர்த்தம்.

கீழே விழுந்த நாயை இங்கே யாரும் எழவிடமாட்டார்கள் என்று கதைநாயகனான பக் என்ற நாய் தெரிந்துகொள்வது அந்த இடத்தில்தான். அதை வெட்டிவிட்டால், அப்புறம் ஸ்பிட்ஸ் என்ற எதிரி நாயோடு பக் ஏன் சாகும்வரை மோதுகிறது என்பதே விளங்காது. கதையில் பெரிய கொடுமைகளைச் செய்வது மனிதர்கள்தான். 1897 தங்க வேட்டையில் கனடாவின் கிளாண்டைக் பக்கம் வலுவான நாய்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. கலிபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நீதிபதி வீட்டில் செல்லமாக வளர்ந்த பக்கை, சூதாடிப் பணத்துக்கு அலைந்த தோட்டக்கார உதவியாள் திருடி விற்றுவிடுகிறான். சிவப்பு ஸ்வெட்டர்காரன் தடியால் அடித்தே அதைப் பணிய வைக்கிறான். லண்டன் இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. 21 வயதில் தங்கம் தேடி அங்கே போனவர், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயோடு திரும்பினார். நாவல் வந்தது 1903இல்.

வெட்டுகிறவர் கத்தி டேவையும் விடாது. சறுக்குவண்டி இழுக்கும் டேவுக்கு உள்ளே ஏதோ நோய். ஓய்வு கொடுக்க அவிழ்த்து விடுகிறார்கள்; அதற்கு அது பொறுக்கவில்லை. தன் இடத்தில் பூட்டிய சோலெக்ஸ் என்ற நாயின் வார்களைக் கடித்து அறுத்துவிட்டு, வண்டிக்கு முன்னால் தன் பழைய இடத்தில் வந்து நிற்கிறது. மறுபடி பூட்டுகிறார்கள். மறுநாள் காலை எழ முடியாமல், வண்டி பூட்டும் இடத்துக்கு வயிற்றால் ஊர்ந்து வருகிறது. வண்டி கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநர் திரும்பிப் போகிறார்; துப்பாக்கிச் சத்தம் கேட்கிறது. உழைப்பு ஒரு உயிரை எவ்வளவு தூரம் ஆட்கொள்ளும் என்று இதைவிட நேராகச் சொன்ன பக்கங்களை நான் அதிகம் படித்ததில்லை. இதை இழந்துவிட்டு உங்கள் மகள் என்ன கதையைப் படிக்கப் போகிறாள்?

முழுப் புத்தகத்தையே கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் வாசியுங்கள். தார்ன்டன் என்ற மனிதர் வந்து பக்கைக் காப்பாற்றும்வரை போய்விட்டால், மிச்சத்தை அவளே உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்வாள்.

நீங்கள் நிறுத்திப் பேச வேண்டிய இடம் வேறொன்று உண்டு. கடைசி அத்தியாயத்தில் யீஹாட் என்றொரு பழங்குடியினர் வருகிறார்கள். லண்டன் கற்பனை செய்த கூட்டம் அது. அம்பு எய்வதும் கொல்வதும் தவிர அவர்களுக்கு அங்கே முகமே இல்லை. நிஜத்தில் கிளாண்டைக் ஆற்று முகத்துவாரத்தில் மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் ஹான் மக்கள். தங்கம் தேடி வந்த கூட்டத்தால் 1897இல் அந்த இடத்தை விட்டு, ஆற்றோட்டத்தின் கீழே மூஸ்ஹைடு என்ற இடத்துக்குப் பெயர வேண்டியிருந்தது. நாவலில் இது கிடையாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.