பூச்சி மருந்து குடித்தவர் வந்தால்: கேள்வி பதில்

கேள்வி (ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்): என்ன மருந்து குடித்தார் என்று கூட வந்தவர்களுக்குத் தெரியவில்லை, டப்பாவும் இல்லை. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சி மருந்து என்று எப்படிக் கண்டுபிடிப்பது டாக்டர்?

பதில்: கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். எச்சில் வழியும், வியர்வை கொட்டும், நாடி மெதுவாகும், நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் கரகரவென்று கேட்கும், தசைகள் துடிக்கும். இவை சேர்ந்திருந்தால் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள் சிஸ்டர். கார்பமேட் என்ற இன்னொரு வகைப் பூச்சி மருந்தும் இப்படித்தான் காட்டும். அதற்கும் முதல் மருந்து அட்ரோபின்தான்.

கேள்வி (பயிற்சி மருத்துவர்): அட்ரோபின் எவ்வளவு போடுவது சார்? கண் விரிந்ததும் நிறுத்திவிடலாமா?

பதில்: கண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது விரியத் தாமதமாகலாம். நோயாளியைக் கொல்வது நெஞ்சில் சேரும் நீர், அதைப் பாருங்கள். பெரியவருக்கு முதலில் ஐ.வி.யில் 1.8 முதல் 3 மி.கி., அதாவது 0.6 மி.கி. ஆம்பியூல் 3 முதல் 5. ஐந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அறிகுறிகள் குறையாவிட்டால் இரட்டிப்பாக்குங்கள்: 3, 6, 12. நெஞ்சு தெளிந்து, நாடியும் மேல் ரத்த அழுத்தமும் 80ஐத் தாண்டி, அக்குள் உலர்ந்ததும் இரட்டிப்பதை நிறுத்தி, அதுவரை போட்ட மொத்தத்தில் 10 முதல் 20 சதவீதம் ஒரு மணி நேரத்தில் ஏறும் கணக்கில் தொடர்ந்து டிரிப்பில் விடுங்கள். வங்கதேசத்துச் சிட்டகாங்கில் செய்த ஆய்வில் (2012) இந்த முறையில் இறந்தவர்கள் 8 சதவீதம். பழையபடி விட்டுவிட்டு ஊசி போட்டதில் 22.5 சதவீதம். ஸ்டாக் தீர்ந்துவிடுமே என்று கை தயங்கக் கூடாது.

காய்ச்சல், பிதற்றல், குடல் சத்தமே இல்லாமல் போவது, இவை மூன்றும் அட்ரோபின் அளவு மீறியதற்கு அடையாளம். டிரிப்பை நிறுத்துங்கள், அடங்கிய பிறகு முன்பிருந்த வேகத்தில் 70, 80 சதவீதத்தில் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் கரகரப்பு நீடித்தால் வாந்தி நுரையீரலுக்குள் போயிருக்கலாம். அதற்காக அட்ரோபினை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கேள்வி: இன்னொரு மாற்று மருந்தான பிராலிடாக்ஸிம் கட்டாயமா?

பதில்: ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. கொடுப்பதாக இருந்தால் அட்ரோபினுக்குப் பிறகு, கிலோவுக்கு 30 மி.கி., அரை மணி நேரத்தில். பிறகு மணிக்குக் கிலோவுக்கு 8 மி.கி. வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடலாம்.

கேள்வி (விவசாயி): வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா ஐயா?

பதில்: வேண்டவே வேண்டாம். மருந்தோடு கலந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கும். உப்பும் ரத்தத்தில் ஏறி ஆபத்தாகும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுத் தலைமுடி, நகக்கண் வரை கழுவுங்கள். தோல் செருப்பும் பெல்ட்டும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், திரும்பப் போடக் கூடாது. டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி (வார்டு செவிலியர்): நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கு மூன்றாம் நாள் மூச்சு நின்றுவிட்டது. ஏன்?

பதில்: 1987இல் இலங்கையின் சேனநாயக்க, கரலியத்த இருவரும் விவரித்த இடைநிலைத் தளர்ச்சி அது. 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், மூச்சுத் தசைகள் ஓயும். அட்ரோபினுக்குக் கேட்காது. ஒவ்வொரு ஷிப்டிலும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் வென்டிலேட்டரைத் தயார் செய்யுங்கள்.

கேள்வி (ஆம்புலன்ஸ் ஊழியர்): எல்லோருக்கும் ஆக்சிஜன் வைத்துவிடலாமா?

பதில்: ஆர்கனோபாஸ்பேட்டுக்கு வையுங்கள். களைக்கொல்லியான பாராகுவாட்டுக்கு வழக்கமாக வைக்காதீர்கள். ஆக்சிஜன் கூடினால் நுரையீரல் இன்னும் வேகமாகக் கெடும். ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மட்டும், தேவையான அளவுக்கு.