லேலண்டி வேலிக்குக் கவாத்து கிடையாது

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம் அரவேணு. மான்செஸ்டர் பக்கம் போய் இரண்டாவது வருஷத்திலேயே ஒரு பழைய செங்கல் வீடு வாங்கிவிட்டீர்கள். பின்சுவர் முழுக்க ஐவிக் கொடி, கூரையோரத்தில் மழைநீர் வழியும் கட்டர் வரை ஏறியிருக்கிறது. பக்கத்து வீட்டு எல்லையில் வரிசையாக ஊசியிலை மரங்கள், இருபது அடிக்கு மேல். அந்த வீட்டுப் பெரியவர், சமையலறைக்கு வெளிச்சமே வருவதில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் அப்பாவிடம் போனில் கேட்டால், "இடுப்பளவுக்குக் கவாத்து அடிச்சு விடு, தளிர்த்து வரும்" என்கிறார். அப்படிச் செய்யலாமா, யாரைக் கூப்பிடுவது, அங்கே இதற்கெல்லாம் சட்டம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கோத்தகிரிக்காரி. குடும்பத்தோடு இங்கிலாந்தில் தங்கி வெகுகாலம் ஆகிறது, இப்போது விடுமுறைக்கு ஊர் வந்திருக்கிறேன். அதனால் அப்பா சொன்னதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அவர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் அது தேயிலைக்குச் சரி. நாலைந்து வருஷத்துக்கு ஒரு முறை தேயிலையை வெறும் கட்டையாக நிறுத்தினாலும் அடுத்த மழைக்குக் கொழுந்து விடும். கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, அடியோடு அறுத்தாலும் கட்டையைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கிளம்பும். சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் மரத்தை ஒழிக்க வனத்துறை படும் பாட்டை நாம் எல்லோரும் பார்க்கிறோம். வெட்டியது எதுவும் துளிர்க்கும் என்பது நீலகிரியில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாத பாடம். உங்கள் எல்லையில் நிற்கும் மரத்திடம் அது செல்லாது.

நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிவது அநேகமாக லேலண்டி. 1888இல் வேல்ஸில், வெல்ஷ்பூல் ஊர்ப்பக்கம் லெய்ட்டன் ஹால் என்ற பண்ணைத் தோட்டத்தில் இரண்டு சைப்ரஸ் இனங்கள் தானாகக் கலந்து பிறந்த மரம் இது. ஒன்று வட அமெரிக்காவின் நூட்கா சைப்ரஸ். இன்னொன்று கலிஃபோர்னியாக் கடற்கரையின் மான்டெரி சைப்ரஸ். இந்த இரண்டாவதை உங்களுக்குத் தெரியும். ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களா வேலிகளில், கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் அதே சைப்ரஸ்தான். எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு பங்களாவில் வேலியாக வைத்ததை யாரோ கத்தரிக்காமல் விட்டு, இன்று ஒவ்வொன்றும் இரண்டு பேர் கை கோத்தாலும் பிடிபடாத மரம். காலையில்தான் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் வரை வெறும் தண்டு, என்றைக்கோ ஒடிந்த கிளைகளின் முளைகள் காய்ந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவற்றில் ஒரு பச்சை கிடையாது. உங்கள் மரமும் குணத்தில் இதன் வாரிசுதான்.

ஒரு சோதனை செய்யுங்கள். வேலியின் வெளிப்பச்சையை இரண்டு கையாலும் விலக்கி உள்ளே எட்டிப் பாருங்கள். கண்ணையும் வாயையும் மூடிக்கொள்வது நல்லது, வருஷக்கணக்கான தூசி கொட்டும். ஒரு முழத்துக்குள் பச்சை நின்றுவிடும். அதற்கப்புறம் தண்டு வரை பழுப்புக் குச்சிகள்தான். அந்தப் பழுப்பில் கத்தி வைத்தால் அந்த இடம் அப்படியே ஓட்டையாக நிற்கும், பிறகு துளிர்க்காது. இடுப்பளவுக்கு வெட்டினால் உங்களுக்கு மிஞ்சுவது ஒரு வரிசை கட்டைகள்.

ஊசியிலை மரம் எல்லாமே இப்படி என்று நினைக்க வேண்டாம். யூ என்று ஒன்று உண்டு, அங்கே பழைய தேவாலய வளாகங்களில் பார்த்திருப்பீர்கள். கரும்பச்சையில் தட்டையான மெல்லிய இலை, பெண் மரத்தில் சிவப்பாகச் சின்னக் கிண்ணம் போன்ற பழம். அதைத் தண்டு வரை வெட்டினாலும் துளிர்க்கும். ஆனால் இலையும் விதையும் கொடிய விஷம், வீட்டில் குழந்தை இருந்தால் கவனம். வெட்டுவதற்கு முன்னால் நிற்பது என்ன மரம் என்று உறுதி செய்துகொள்ளச் சொல்வது இதனால்தான்.

சரி, லேலண்டியை என்னதான் செய்வது? உயரத்தைக் குறைக்கலாம். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்தால் மரம் தாங்கும். வெட்டிய உச்சி கொஞ்ச காலம் மொட்டையாகத் தெரியும், பக்கக் கிளைகள் மேலே வளர்ந்து மூடிக்கொள்ளும். பக்கவாட்டில் பச்சையை மட்டும் மேலாகச் சீவ வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது. விட்டால் வருஷத்துக்கு ஒரு மீட்டருக்குப் பக்கத்தில் உயரும் மரம் இது. ஏற்கெனவே தடித்துப் பாதையை அடைத்துவிட்டது என்றால் சீவி மெலிய வைக்க வழியில்லை. அப்போது மொத்தமாக எடுத்துவிட்டு வேறு வேலி வைப்பதுதான் யோசனை. பிரிவெட் அல்லது ஹார்ன்பீம் என்ற வேலிச்செடி வைத்தால் நீங்கள் எங்கே வெட்டினாலும் துளிர்க்கும், அப்பாவும் சந்தோஷப்படுவார். லேலண்டியின் அடிக்கட்டை திரும்பத் துளிர்க்காது என்பதால் அதற்கு மருந்து ஊற்ற வேண்டியதில்லை, தரையோடு அறுத்தால் போதும். அடியில் இருக்கும் மண் காய்ந்து சத்தில்லாமல் இருக்கும். நல்ல எரு போட்டு, புதுச்செடிக்கு முதல் கோடையில் தண்ணீர் விடுங்கள். இங்கிலாந்தில் மழைதானே என்று விட்டவர்களின் செடி ஜூலையில் கருகுவதைப் பார்த்திருக்கிறேன்.

மரங்கள் வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில், அதுவும் களிமண் நிலத்தில் என்றால் மட்டும் அவசரப்படாதீர்கள். களிமண்ணில் பெரிய மரம் ஈரத்தை உறிஞ்சும்போது மண் சுருங்கி அஸ்திவாரம் இறங்கலாம். அதே மரத்தைத் திடீரென்று எடுத்தால் மண் ஈரம் பிடித்து உப்பி மேலே தூக்கவும் செய்யும். வீடு வாங்கும்போது வீட்டைச் சோதித்துக் கொடுத்த சர்வே அறிக்கையில் மரத்தைப் பற்றி ஒரு வரி இருக்கும், எடுத்துப் படியுங்கள். வீட்டுக் காப்பீட்டுக்காரர்களும் மரத்தைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். சந்தேகம் இருந்தால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காசு கொடுத்துக் கேட்பதில் நஷ்டமில்லை.

இனிச் சட்டம். என் தோட்டத்து மரத்தை வெட்ட யாரிடம் கேட்பது என்று சமவெளியில் இருந்து வருகிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள், நாம் ஆச்சரியப்படக் கூடாது. நீலகிரியில் பட்டா நிலத்து மரத்தை வெட்டவே 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி குழுவின் அனுமதி வேண்டும். இங்கிலாந்தில் எல்லா மரத்துக்கும் அப்படி இல்லை. குறிப்பிட்ட மரத்துக்குப் பாதுகாப்பு ஆணை இருந்தால் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், அனுமதி இல்லாமல் கிளையைக்கூடத் தொட முடியாது. வீடு பாதுகாக்கப்பட்ட பழைய குடியிருப்புப் பகுதிக்குள் வந்தால் ஆறு வாரம் முன்னதாக எழுதித் தெரிவிக்க வேண்டும். மரத்தின் தண்டு ஒன்றரை மீட்டர் உயரத்தில் 7.5 சென்டிமீட்டர் குறுக்களவைத் தாண்டினாலே இந்த விதி வந்துவிடும். இரண்டும் இருக்கிறதா என்று கவுன்சிலின் மரப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்லிவிடுவார்கள். பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பறவைக் கூடு. 1981ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி, கட்டிக்கொண்டிருக்கிற அல்லது குடியிருக்கிற கூட்டைத் தெரிந்தே கலைப்பது குற்றம். மார்ச்சில் இருந்து ஆகஸ்ட் வரை கூடு கட்டும் காலம். லேலண்டியும் சரி ஐவியும் சரி, பறவைகளுக்குப் பிடித்த இடம். பெரிய வெட்டை குளிர்காலக் கடைசியில், கூடு கட்டத் தொடங்குவதற்கு முன்னால் வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. கோடையில் மேலாகச் சீவும்போதும் உள்ளே பார்த்துவிட்டுக் கத்தரி வையுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே சிரித்துக்கொண்டு ஒரு தடவை சொன்னார்கள் என்றால் மனசுக்குள் வருஷக்கணக்காக இருந்தது என்று அர்த்தம். இதற்கும் 2003ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பசுமைமாறா மரங்கள் வரிசையாக, இரண்டு மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் பாதிக்கப்பட்டவர் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆனால் முதலில் பேசித் தீர்க்கப் பார்த்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள், புகாருக்குக் கட்டணமும் உண்டு. கவுன்சில் உயரத்தைக் குறைக்கச் சொல்லலாம். இரண்டு மீட்டருக்குக் கீழே வெட்டச் சொல்லவோ அடியோடு எடுக்கச் சொல்லவோ முடியாது. இதெல்லாம் தெரிந்திருக்கட்டும், அவ்வளவுதான். நீங்களே கதவைத் தட்டி, இன்ன மாதம் இவ்வளவு உயரம் குறைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். டீ குடிக்கக் கூப்பிடுவார், போய்க் குடியுங்கள்.

அவர் பக்கம் நீளும் கிளையை எல்லைக்கோடு வரை அவரே வெட்டிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. வெட்டிய கிளை சட்டப்படி உங்களுடையது. ஆனாலும் சொல்லாமல் வேலிக்கு மேலே இந்தப் பக்கம் எறிந்தால் சண்டைதான், நீங்களும் எந்த நாளும் அதைச் செய்யாதீர்கள். எல்லையே யாருடையது என்று வீட்டுப் பத்திரத்தோடு வந்த வரைபடத்தில் பாருங்கள். மரம் அவர் பக்கத்து மண்ணில் முளைத்ததாக இருந்தால் கதையே வேறு.

யாரைக் கூப்பிடுவது? ஊரில் நமக்குத் தெரிந்த ஒரு அண்ணன் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வெறுங்காலில் ஏறிவிடுவார். அங்கே அந்த வேலைக்கு ட்ரீ சர்ஜன் என்று பெயர், கயிறு, தலைக்கவசம், மரத்தூளாக்கும் இயந்திரம் எல்லாம் வரும். சில நூறு பவுண்டில் ஆரம்பித்து ஆயிரத்தையும் தாண்டும். இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறதா, குப்பையை எடுத்துப் போவதும் விலையில் சேருமா என்று கேளுங்கள். கதவைத் தட்டி "இன்றைக்கே முடித்துத் தருகிறேன், கையில் காசு கொடுங்கள்" என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். செயின்ஸா என்ற மரம் அறுக்கும் இயந்திரம் வாங்கி நீங்களே செய்யும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஐவிக்கு வருகிறேன். லேலண்டியிடம் கை கூச வேண்டும் என்றேன் இல்லையா, இதனிடம் கூசவே வேண்டாம். எவ்வளவு வெட்டினாலும் சாகாது. அதற்காக அது சுவரைத் தின்றுவிடும் என்று பயப்படவும் வேண்டாம். ஐவி ஒட்டுண்ணி இல்லை, உணவுக்கு வேர் மண்ணில்தான். சுவரில் இருப்பது பிடிவேர், பூரான் கால் மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சுவர் உறுதியாக இருந்தால் ஐவி அதை மழையில் இருந்தும் குளிரில் இருந்தும் காக்கவே செய்கிறது. விரிசலும் உதிர்ந்த காரையும் இருந்தால்தான் அதற்குள் தண்டு புகுந்து பெருக்கும். கொடியை ஒரு இடத்தில் விலக்கி, செங்கல்லுக்கு நடுவே இருக்கும் காரையைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். மணலாக உதிர்ந்தால் கொடி இறங்க வேண்டும், கொத்தனாரும் வர வேண்டும். 1919க்கு முன் கட்டிய வீடாக இருந்தால் காரை பெரும்பாலும் சுண்ணாம்பு, அதைச் சிமெண்டால் பூசவிடாதீர்கள்.

கட்டரும் கூரை ஓடும் ஐவிக்கு ஆகாத இடம். ஓட்டுக்கு அடியில் இருட்டிலும் புகுந்து ஓட்டைத் தூக்கிவிடும். அடிச்சுவரில் காற்றுப் போக விட்டிருக்கும் துளைச் செங்கல்லையும் மூடிவிடும், வீட்டுக்குள் ஈர வாடை வருகிறது என்று நீங்கள் எழுதியதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இந்த இரண்டு இடத்தையும் முதலில் விடுவியுங்கள்.

பச்சையாக இருக்கும்போது பிடித்து இழுக்காதீர்கள், பெயிண்டும் காரையும் சேர்ந்து வரும். தரைக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தண்டையும் அறுத்து, நடுவில் ஒரு சாண் துண்டை எடுத்துவிட்டால் மேலே இருப்பது தானாகக் காயும். சில வாரம் பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். நன்றாகக் காய்ந்த பிறகு இழுத்தால் சுலபமாக வரும். சுவரில் தங்கும் வேர்த் தழும்பை முரட்டுப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போகும், முழுக்கப் போகாது. அடிக்கட்டையைத் தோண்டி எடுப்பதுதான் நல்லது. முடியாவிட்டால் புதிதாக வெட்டிய வாயில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி தடவலாம். இலை மேல் தெளிப்பது வீண், மெழுகுப் பூச்சில் வழிந்து ஓடிவிடும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போடுங்கள், அதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் கொப்பளிக்கும். கொடிக்குள் டெலிபோன் கம்பியோ மின்கம்பியோ மறைந்திருக்கும், கண்ணை மூடிக்கொண்டு கத்தரி போடாதீர்கள்.

எல்லாவற்றையும் எடுக்கத்தான் வேண்டுமா என்றால், நான் ஒரு மூலையில் விட்டு வைத்திருக்கிறேன். முதிர்ந்த ஐவி செப்டம்பரில் இருந்து நவம்பர் வரை பூக்கும், மற்றப் பூ எல்லாம் ஓய்ந்த காலத்தில் தேனீக்களுக்கு அதுதான் சாப்பாடு. குளிரில் பழம் பறவைகளுக்கு. பலகை வேலி மேல் மட்டும் விடாதீர்கள், ஒரு புயலுக்கு பாரம் தாங்காமல் வேலி சாயும்.

குப்பையைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். அங்கே தோட்டத்தில் நெருப்பு மூட்டுவதே குற்றம் என்று இல்லை, ஆனால் பச்சை லேலண்டி கக்கும் புகை பக்கத்து வீட்டுத் துணியில் இறங்கினால் கவுன்சிலுக்குப் போன் போகும். தோட்டக் குப்பைத் தொட்டிக்குப் பல கவுன்சில்களில் வருஷக் கட்டணம் உண்டு, கட்டிவிடுங்கள். ஐவித் தண்டை ஈரத்தோடு உரக்குழியில் போட்டால் அங்கேயே வேர் விடும், காய வைத்துப் போடுங்கள்.

இப்போதைக்கு ஐவியின் அடித்தண்டை அறுப்பதையும் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் போடுவதையும் செய்யுங்கள். மரத்தைத் தொடாதீர்கள். வேலியை விலக்கி உள்பக்கம் ஒரு படம், தனியாக ஒரு கிளை நுனியைக் கையில் வைத்து ஒரு படம் அனுப்பினால் லேலண்டியா வேறு ஏதாவதா என்று பார்த்துச் சொல்கிறேன். இந்த மாதக் கடைசி வரை கோத்தகிரியில்தான் இருப்பேன், அரவேணு வழியாகத்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். அப்பாவுக்கு இதை நேரில் விளக்க வேண்டும் என்றால் வீட்டு அடையாளம் எழுதுங்கள்.