ஆறாண்டு முடிந்தால் பதிவு ரத்தா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வில் ஆறாம் ஆண்டில் இருக்கிறேன். குழந்தை பிறந்ததால் ஏழு மாதம் துறைக்குப் போகவில்லை. இனி முடிக்க முடியாது, பதிவு ரத்தாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி

பதில்: இல்லை அம்மா, கலங்க வேண்டாம். துறை அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்பு பார்த்தவள் நான். இப்படிப் பயந்து ஆய்வையே கைவிட்ட பெண்களைக் கண்டிருக்கிறேன். இன்றும் மனம் ஆறவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி, சேர்ந்த நாளிலிருந்து 6 ஆண்டுகள் உச்ச வரம்பு. (அவை வருமுன் சேர்ந்தவர்களுக்குப் பழைய விதிமுறைகளே பொருந்தும்; உங்களுக்கு எது என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு உண்டு. மொத்தம் 10 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காக ஆய்வுக் காலம் முழுமைக்குமாக 240 நாள் வரை விடுப்பும் உண்டு. இவை சலுகையல்ல, விதியில் உள்ளவை.

ஆனால் எதுவும் தானாக நடக்காது. ஏழு மாத விடுப்புக்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கினீர்களா? இல்லையென்றால், மருத்துவமனைச் சான்றுடன் நெறியாளர் வழியாக இந்த வாரமே விண்ணப்பம் கொடுங்கள். நெறியாளர் வாய்மொழியாகச் சம்மதித்தது கோப்பில் ஏறாது. நீட்டிப்பு விண்ணப்பத்தையும் ஆறாண்டு முடியும் முன்பே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நின்று முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும். விடுபட்ட அறிக்கை இருந்தால், நீட்டிப்பு கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகலில் தேதியுடன் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.